கித்தேரி கண்ட சாம்பல்

அருளாயி உண்மையில் டீச்சர் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சவேரியார்பட்டி பால்வாடியில் சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்தவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக் கோயிலுக்குள் பாய் விரித்து, நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்ததால் ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கண்மாய்க் கரையோடு இரண்டு மைல் நடந்தால் அந்த ஊர். நாற்பது வீடு. கண்மாயில் மூன்று வருஷமாகத் தண்ணீர் இல்லை, கருவேலம்தான் மண்டிக் கிடந்தது. சாமியார் மாதத்துக்கு இரண்டு முறை மோட்டார் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் கோயிலைப் பார்த்துக்கொண்டது உபதேசியார் ரத்தினமும் அருளாயியும்தான். அவள் கணவன் சூசைமாணிக்கம் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் போவான். பிள்ளைகள் இல்லை.

பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அருளாயி தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசுகிற விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு அன்று, போன வருஷம் கோயிலில் கொடுத்த குருத்தோலையை வீட்டுக்கு வீடு வாங்கிவரச் சொல்வாள். கோயில் வாசலில் இரும்புச் சட்டியில் போட்டு எரித்து, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சலிப்பாள். பிறகு பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைப்பாள்.

"கட்டைவிரல்ல தொட்டு, எதுக்க இருக்கிறவுக நெத்தியில சிலுவை போடுங்க. போடும்போது என்ன நெனைக்கணும்?"

"நம்மள்லாம் மண்ணு!" என்று பிள்ளைகள் கத்தும்.

"மண்ணுன்னா பயப்படணுமா?"

"வேண்டாம்!"

"ஏன்?"

"சாமிதான மண்ணுலருந்து நம்மளச் செஞ்சாரு!"

பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. மூக்கு, கன்னம் எல்லாம் கரியாகி, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுவார்கள்.

1987ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி நடந்த வகுப்புக்குத்தான் கித்தேரி முதன்முதலாக வந்தாள். ஐந்து வயது. அப்பன் இல்லை. அம்மா அழகுத்தாய் கண்மாயில் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூட்டத்துப் புகையிலேயே வளர்ந்த பிள்ளை. நகக்கண்ணில் எப்போதும் கருப்பு. அதிகம் பேசமாட்டாள்.

எல்லோரும் எதிரே இருந்தவர் நெற்றியில் சிலுவை போட்டபோது கித்தேரி மட்டும் எழுந்தாள். விரலில் சாம்பலோடு வாசலுக்கு நடந்தாள். அங்கே மொக்கையன் நின்றுகொண்டிருந்தான். ஆடு மேய்ப்பவன், வேறு சாமி கும்பிடுகிறவன். கோயில் கிணற்றில் ஆட்டுக்குத் தண்ணீர் இறைக்க வந்தவன் பிள்ளைகளின் கூத்தை வேடிக்கை பார்க்க நின்றிருந்தான்.

கித்தேரி அவன் முன்னால் போய் அண்ணாந்து பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்தான். அவள் சாம்பலை வைத்து நிதானமாகத் தேய்த்தாள்.

"ஒங்க சாமி எனக்கும் துன்னூறு குடுத்துருச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு மொக்கையன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

ஒன்பதாம் நாள் பக்கத்து ஊரில் கிணறு தூர் எடுக்கப் போனான். கீழே நின்று கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் அப்படியே சரிந்து அவனை மூடிவிட்டது. எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அருளாயி போய்ப் பார்த்தாள். முகமெல்லாம் செம்மண். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அப்போது அவளுக்கு நினைவில்கூட இல்லை.

மறுவருஷம் அதே வகுப்பு. உபதேசியார் ரத்தினம் தன் வீட்டுக் குருத்தோலையைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதிலும் திருச்சுழிக்கு நடந்தே போய்வருகிற மனிதர். கித்தேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி பாக்குற? எனக்குப் போடணுமா? போடு" என்று அவரே நெற்றியை நீட்டினார்.

அவள் அருளாயியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கேட்டுவிட்டுச் செய்வதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு போட்டாள்.

மூன்றாவது வாரம் ரத்தினம் திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போதுதான் அருளாயிக்குக் கித்தேரி போட்ட இரண்டு சிலுவையும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே கண்மாய்க்கு நடந்தாள். மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. கித்தேரி ஒரு கருவேல முண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா கித்தேரி, உபதேசியாருக்கு எதுக்குச் சாம்பல் போட்ட?"

"நான் போடல டீச்சர்."

"நான்தான் பாத்தேனே."

"முன்னமே இருந்துச்சு. அதுமேலதான் தேச்சேன்."

"எங்க இருந்துச்சு?"

பிள்ளை தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "ஆட்டுக்கார மாமாவுக்கும் இருந்துச்சு. நீங்கதான இருக்கிறவுகளுக்குப் போடச் சொன்னீக."

எதிரே இருக்கிறவர்களுக்கு என்று அவள் சொன்னதைத்தான் பிள்ளை, சாம்பல் இருக்கிறவர்களுக்கு என்று புரிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளிக் கரி சலித்துக்கொண்டிருந்த அழகுத்தாய் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "யார்ட்டயும் சொல்லிறாதீக டீச்சர். இருக்க விடமாட்டாக."

அருளாயி சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்களே! மழைக்காலம் வருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கித்தேரியைக் கண்டால் பெண்கள் முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டார்கள். வளர்ந்த ஆண்களே தெருவை மாற்றி நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

1989இல் தவக்காலம் சீக்கிரமே, பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்தது. முந்தின வாரம் ஊர்ப் பெரியவர் தங்கசாமி அருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள கோயிலுக்குள்ள வரக் கூடாது. வந்தா ஒரு வீட்டுலருந்தும் புள்ளையப் படிக்க அனுப்பமாட்டோம்."

"ஏழு வயசுப் புள்ள மாமா அது."

"ஏழோ எட்டோ. ரெண்டு பேரு போயாச்சு."

"புதங்கெழம சாமியாரு ஒங்களுக்கும் எனக்கும் எல்லாத்துக்கும்தான சாம்பல் பூசப் போறாரு? அதுக்குப் பயப்படலியே நீங்க?"

"அது சடங்கு. இது வேற" என்று தங்கசாமி சொன்னார். அவர் பேசும்போது கை நெற்றிக்குப் போய்ப் போய் வந்தது.

அந்த ஞாயிறு காலை அருளாயி கண்மாய்க்குப் போய்க் கித்தேரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சொன்னபடியே வேறு ஒரு பிள்ளையும் வரவில்லை. வீட்டுக்கு வீடு குருத்தோலை கேட்டபோது கதவைச் சாத்தினார்கள். தன் வீட்டு ஓலை ஒன்றை மட்டும் எரித்தாள். ஒரு கரண்டிச் சாம்பல்கூடத் தேறவில்லை. வெறும் பாயில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"எனக்கு இருக்கா?"

கித்தேரி அவள் நெற்றியைப் பார்த்தாள். கோயில் ஓட்டில் அணில் ஓடும் சத்தம் கேட்டது.

"இருக்கு டீச்சர்."

அருளாயி குனிந்து நெற்றியைக் காட்டினாள். "அப்பப் போடு. நான் சொல்லிக்குடுத்த மாதிரி போடு."

அந்தச் சிலுவையை அழிக்காமல் நடுத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். வாசலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சூசைமாணிக்கம் பார்த்தான். "ஏ புள்ள, கழுவித் தொல" என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் தறிக்கும் போகவில்லை.

தவக்காலத்து நாற்பது நாளும் ஊர் அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். அவள் இருமினால் பேச்சு நின்றது. பால்வாடிக்கு வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள், "ஒடம்பு எப்பிடியிருக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

அவள் தைரியசாலி ஒன்றும் இல்லை. கிணற்றோரம் போவதை விட்டாள். பஸ் ஏறுவதற்கு மூன்று முறை யோசித்தாள். எட்டு வருஷமாகப் பேசாதிருந்த அக்காளைப் பார்க்க நரிக்குடிக்கு நடந்தே போனாள். அக்காள் கதவைத் திறந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். திரும்பி வரும் வழியில், கொஞ்ச நாளாக மனசில் இருந்த ஒரு கனம் குறைந்திருப்பதை அவளே கவனித்தாள்.

மத்தியானத்தில் கித்தேரி வருவாள். பால்வாடி மூடிய பிறகு, தெருவில் ஒரு குஞ்சு இல்லாத வெயிலில், வாசலில் வந்து நிற்பாள்.

"எதுக்குத்தா வந்த?"

"சும்மா. பாத்துட்டுப் போக."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"தெனம் குளிக்கிறேனே."

"தண்ணிக்குப் போகாது டீச்சர்."

ஒருநாள் அருளாயி கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். கித்தேரி கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. நிழல் சுவரைத் தாண்டிப் போகும்வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் அருளாயி தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். மறுநாள் பிள்ளைக்கென்று சத்துமாவு உருண்டை பிடித்து வைத்துக் காத்திருந்தாள்.

பெரிய வெள்ளி வந்தது. கண்மாய்க்குள் சிலுவைப்பாதை போனார்கள். ஏசு உயிர்விட்ட மணி மூன்றாகும்போது அத்தனை கண்ணும் அருளாயி மேல் இருந்தது. வெடித்த மண்ணில் முழங்காலிட்டு எழும்போது ஒரு தரம் தடுமாறினாள். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் எழுந்து நடந்தாள்.

நாற்பது நாள் முடிந்து, ஏசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு காலை அவள்தான் கோயிலைத் திறந்தாள். சாமியார் ஏழு மணிக்கு வந்து பூசை தொடங்கினார். ஊர் முழுக்க வந்திருந்தது. தங்கசாமி முன்வரிசையிலிருந்து திரும்பி அருளாயியைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறவளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. எங்கேயோ கணக்குத் தப்பிவிட்டதே என்று குழம்புகிற பார்வை.

கித்தேரியைத் தன் மடியோடு சேர்த்து உட்கார வைத்திருந்தாள் அருளாயி. பாட்டு ஓங்கியபோது குனிந்து அவள் காதில் கேட்டாள்.

"இப்ப?"

"இருக்கு."

"வேற யாருக்கு இருக்கு?"

பிள்ளை முன்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கைக்குழந்தைகளையும் பார்த்தாள். பீடத்தில் நின்ற சாமியாரையும் பார்த்தாள்.

"இப்பல்லாம் எல்லாத்துக்குந்தான் தெரியுது டீச்சர்." பிறகு பின்பக்கம் திரும்பி, வாசல் ஓரத்துச் சுவரைக் காட்டினாள். "அந்த ரெண்டு பேருக்குத்தான் இல்ல."

அங்கே சுவர் மட்டும்தான் இருந்தது. வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது.

"யாரு?" அருளாயியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆட்டுக்கார மாமா. உபதேசியாரு. அவுக நெத்தி துடைச்ச மாதிரி இருக்கு."

அருளாயி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாற்பது நாளாக அவளைப் பிடித்திருந்த பயம் இப்போது இல்லை. பிள்ளையின் கரிபடிந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிந்து எல்லோரும் வெளியேறும்போது அந்தச் சுவரோரம் மட்டும் ஒதுங்கி வழிவிட்டு நடந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. இதை அவள் சூசைமாணிக்கத்திடம்கூடப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

அவள் சாகாததால் ஊர் மெல்லமெல்லக் கித்தேரியைப் பற்றிப் பேசுவதை விட்டது. ஒரு ஞாயிறு நாலு பிள்ளைகள் வந்தார்கள், அடுத்து ஏழு. மறு வருஷம் தங்கசாமியே தன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார். கரி வேலை முதுகுளத்தூர்ப் பக்கம் நகர்ந்தபோது அழகுத்தாயும் கிளம்பினாள். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம் என்று அருளாயி மன்றாடி, மதுரையில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு விடுதியில் தானே கொண்டுபோய்ச் சேர்த்தாள். பஸ் முழுக்கக் கித்தேரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மனிதர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

1996 பொங்கல் விடுமுறையில் கித்தேரி ஒருநாள் வந்தாள். பதினான்கு வயது. இரட்டைச் சடை, வாய் ஓயாத பேச்சு. விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்னாள், சிஸ்டர் ஒருவர் நடப்பதுபோல் நடந்து காட்டினாள். அருளாயி சிரித்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"சின்னதுல நீ சொல்லுவியே, நெத்தியில…"

"என்ன டீச்சர் சொன்னேன்?"

"ஞாபகம் இல்லையா?"

"மூட்டத்துப் புகை ஞாபகம் இருக்கு. ஒங்க மாவு உருண்டை ஞாபகம் இருக்கு." அவள் அருளாயியின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சாதாரணப் பிரியம் தவிர ஒன்றும் இல்லை. "நான் என்ன சொன்னேன், சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்ல. புள்ளைக்கு வெளையாட்டு."

அருளாயிக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, தனக்குத் தெரிந்ததை அறிந்த ஒரே ஆளும் போய்விட்டதுபோல் ஒரு வெறுமையும் வந்தது.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தாள். கித்தேரி வழியெல்லாம் பத்தாம் வகுப்பு முடித்து நர்ஸ் படிப்புக்குப் போகப் போவதைப் பற்றியே பேசினாள். ராத்திரி டூட்டி என்றால்கூடத் தனக்குப் பயமில்லையாம். வீரசோழனிலிருந்து வந்த பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அடுத்த லீவுக்கு வாரேன் டீச்சர், ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள். அருளாயி சரி என்று தலையாட்டினாள்.