தாபோடி மைதானத்தில் புல் பிடித்த கதை

ஆனந்தவல்லி தாபோடியில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கணவர் சுந்தரராமனுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் புனேவுக்கு வந்தவள்.

பள்ளி மைதானம் முழுக்கக் கரிசல் மண். மழைக்காலத்தில் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். 1996 ஏப்ரலில் கோகோ பயிற்சியின்போது ஒரு வெடிப்பில் கால் சிக்கி, ஐந்தாம் வகுப்பு அம்முவுக்குக் கணுக்கால் முறிந்தது. மைதானத்துக்கு சிமெண்ட் போட்டுவிடலாம் என்றார் தலைமையாசிரியை வைஷாலி.

“சிமெண்ட்ல விழுந்தா முட்டி பேந்துடும் மேடம். நான் புல்லு வளத்துக் காட்டறேன்” என்று தன் அரைகுறை மராத்தியில் சொன்னாள் ஆனந்தவல்லி.

“இந்த மண்ணுலயா?”

“இந்த மண்ணுலதான்.”

மறு வருடம் ஜூனில் கரிசலின் மேல் நாலு விரல் உயரத்துக்குச் செம்மண் பரப்பி, சதுரம் சதுரமாக வெட்டி வந்த நர்சரிப் புல்லைப் பதித்தாள். இரண்டு வாரம் பார்க்க அழகாக இருந்தது. ஜூலையில் விடாமல் ஐந்து நாள் மழை. புல் மஞ்சளாகி, இழுத்தால் பாய்போல் கையோடு வந்தது. ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். அவள் சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மழை விட்டதும் கடப்பாரையால் குத்திப் பார்த்தாள். செம்மண்ணுக்குக் கீழே கரிசல் ஒரு சொட்டுத் தண்ணீரையும் இறங்க விடவில்லை. தட்டில் ஊற்றியதுபோல் தேங்கியிருந்தது. வேர்கள் அழுகி நாறின.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கட்டட வேலையில் மிஞ்சிய முரூம் கொட்டிக் கிடந்தது. பாறை பொடிந்த அந்தச் சரளை மண்ணில், யாரும் நடாமலே அருகம்புல் செழித்திருந்தது. ஆனால் பிப்ரவரி வெயிலுக்கே அதுவும் கருகியது.

“விட்டுடேன் வல்லி. டிரில் எடுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது” என்றார் சுந்தரராமன்.

“இல்லீங்க. கரிசல் தண்ணிய விட மாட்டேங்குது, முரூம் தண்ணிய வெச்சுக்க மாட்டேங்குது. ரெண்டையும் கிளறிக் கலக்கணும். கரிசல் மேல சும்மா செம்மண்ணப் போத்தினது என் தப்பு.”

இம்முறை அவள் அவசரப்படவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நாலு பாத்தி கட்டினாள். ஒன்றில் வெறும் கரிசல், ஒன்றில் வெறும் முரூம். மற்ற இரண்டில் கரிசலோடு முரூமும் சாண எருவும் வேறு வேறு அளவில். நாலிலும் தொட்டிக்குப் பின்னால் பிடுங்கிய அருகம்புல்லையே நட்டாள். ஒரு மழை, ஒரு கோடை பார்த்தாள். ஒரு கூடை கரிசலுக்கு இரண்டு கூடை முரூம் கலந்த பாத்தி மட்டும் மே மாதத்திலும் பச்சையாக நின்றது.

வைஷாலி பாத்தியருகே குனிந்து புல்லைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. “எத்தனை நாள் ஆகும்?” என்று மட்டும் கேட்டார்.

“ரெண்டு வருஷம் குடுங்க.”

மூன்றானது. ஒரு சாண் ஆழம் கொத்தி, கலந்து, நடுவை உயர்த்தி நாலு பக்கமும் சரித்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாள். சனிக்கிழமைகளில் சுந்தரராமனும் மண்வெட்டியோடு வந்தார். டிரில் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் கூடை சுமந்தார்கள். கால் தேறிய அம்மு யார் தடுத்தும் கேட்காமல் வரிசையில் முதலாவதாக நின்றாள்.

2002 ஆகஸ்டில் வட்டாரப் பள்ளிகளின் கோகோ போட்டி அந்த மைதானத்தில் நடந்தது. முதல் நாள் கொட்டிய மழை காலைக்குள் வடிந்துவிட்டது. விழுந்த பிள்ளைகள் பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினார்கள். பள்ளி அணி அரையிறுதியில் தோற்றது. ஆனந்தவல்லிக்கு அன்று முழுக்க வாய் கொள்ளாத சிரிப்பு.

கிழக்கு மூலையில் மட்டும் இன்னும் புல் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவள் அங்கே கடப்பாரையைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தாள்.