கையெழுத்திடாத பத்து நாட்கள்

மேரி மேடம் இறந்த செய்தி வந்தபோது விழுப்புரம் ரயில் நிலைய வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். துறை உதவியாளர் ஏழுமலைதான் போன் செய்தார். "சார், நம்ம மேரி மேடம் தவறிட்டாங்க. ஹார்ட்டு. ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க சார்." என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பையில் ஒன்றும் இல்லை. ஏன் தொட்டேன் என்பதை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறைக்கு நான் தலைவராக இருந்தேன். அவர் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம் உள்ள வேலை. அமெரிக்க அரசியலமைப்புத் தாளை அவர்தான் நடத்துவார். அதிகாரப் பிரிவினை பாடத்தன்று வருகைப் பதிவேட்டை ஒரு மாணவியிடமும் பேனாவை இன்னொருத்தியிடமும் கொடுத்துவிட்டு, போட்டது சரியா என்று பார்க்க மூன்றாவதாக ஒருத்தியை உட்காரவைத்தார். "இப்ப நானே நெனச்சாலும் யாருக்கும் ஆப்சென்ட் போட முடியாது. மூணு பேருல ஒருத்தி முறைச்சிக்கினா வேல நின்னுடும். நிக்கட்டும். நிக்கணும்னுதான் அப்படி எழுதி வச்சிருக்காங்க" என்றார். வராந்தாவில் நின்று நானும் கேட்டேன். அன்று யாருக்கும் வருகை பதிவாகவில்லை என்று அலுவலகத்தில் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அமெரிக்காவில் மசோதா கைக்கு வந்தால் ஜனாதிபதி கையெழுத்திடலாம். பிடிக்காவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். இரண்டும் செய்யாமல் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் வைத்திருந்தால், சபை நடந்துகொண்டிருக்கும் பட்சத்தில் அது தானாகவே சட்டமாகிவிடும். அதற்குள் சபை முடிந்துவிட்டால் மசோதா செத்துப்போகும். இப்படிப் பையில் வைத்தே கொல்வதைப் பாக்கெட் வீட்டோ என்பார்கள். ஒரு மாணவன் தேர்வில், 'ஜனாதிபதி மசோதாவைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்' என்று எழுதியிருந்தான். நான் தப்பென்று சுழித்துவிட்டேன். மேரி மேடம் விடவில்லை. "ஊருக்குப் போறது சபைங்க சார், அவரு இல்ல. அரை மார்க்கு மட்டும் கொறைங்க. மீதி சரியாத்தான் எழுதிக்கிறான்."

ஒருநாள் பணி அனுபவச் சான்றுக்கான படிவத்தைக் கொண்டுவந்தார். நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்க என் கையெழுத்து தேவை. அப்புறம் போடுகிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவர் போய்விட்டால் அமெரிக்க அரசியலமைப்புத் தாளை நடத்தும் வேலை என் தலையில் விழும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் புதிதாக உட்கார்ந்து படிக்க எனக்கு மனமில்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முதல்நாள் வந்து நின்றார். "பத்து நாள் ஆயிடுச்சுங்க சார். வேணாம்னா காரணம் எழுதித் திருப்பிக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"பாக்கறேம்மா" என்றேன்.

கடைசி நாளும் போயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல வணக்கம் சொன்னார். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நிரந்தரப் பணிக்கு அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவரே போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஒலக்கூர்ப் பக்கம் அவருடைய ஊருக்குப் போனேன். மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குக் கடலை பிடுங்கி அவரைப் படிக்கவைத்த தாய் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "உங்களச் சொல்லாத நாளில்ல சார். நம்ம சாரு அன்னைக்கே கையெழுத்து போட்டுட்டாரும்மா, மேலதான் தட்டிக் கழிச்சிட்டாங்கனு சொல்லிச்சி. நீங்க நல்லா இருக்கணும்."

சரியம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால், யாரோ வாசல்வரை வந்து நின்று, கேட்காமலே திரும்பிப் போவதுபோல் இருக்கிறது. எழுந்துபோய்ப் பார்க்கிறேன். யாரும் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கொரு நினைவுப்பொருள் காட்டினார்கள். என்னிடம் அவருடைய படமோ புத்தகமோ இல்லை. என் மானத்தைக் காக்க அவர் தன் தாயிடம் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான் இருக்கிறது. அந்தத் தாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிட மூன்று ஞாயிறு கிளம்பினேன். மூன்று முறையும் திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்தே திரும்பிவிட்டேன்.