ஹெட்லைட் வளையமும் புளியும்

அப்பாவின் பழைய காரில் மிஞ்சிய பித்தளை ஹெட்லைட் வளையத்தை வாங்க, போத்தனூரிலிருந்து உதிரிபாக வியாபாரி ஒருவர் இன்று வந்தார்.

கருத்திருந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தவர், "ஏனுங்க அம்மணி, புளி போட்டு வெளக்கி வெச்சிருக்கலாமில்லங்க?" என்றார்.

"போன வாரம் இதே காரோட கியர்பாக்ஸைக் கிரீஸும் சேறுமா என் தம்பிகிட்ட வாங்குனீங்களே. அவனை வெளக்கச் சொன்னீங்களா?"

"அவரு ஆம்பளைங்க. அவருக்கு என்னங்க தெரியும்?"

"அழுக்கோட இருந்தாத்தான் அசல்னு அவன்கிட்டச் சொன்னீங்களாமே. இந்தக் கருப்பும் அசல்தானுங்க. வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்க."

வளையத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் தம்பி போன் செய்தான். "நீ கொஞ்சம் வெளக்கியே குடுத்திருக்கலாம்க்கா."

கார் பாகத்தைப் புளி போட்டு விளக்கிய ஆண்கள் யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கற்றுக்கொள்ளத் தம்பியை அனுப்புகிறேன்.