பிள்ளையார் உட்கார்ந்திருந்த மூலை

சனிக்கிழமை காலை 8.55, ஹட்டன். வேலைக்காக மன்னாரில் குடியேறியவன் நான். நேற்றே புறப்பட்டு, கண்டியில் தங்கி வந்து சேர்ந்தேன். மன்னார் வெயில் ஏழு வருடம் தின்றதில் காரின் டேஷ்போர்டு வெடித்து, வெளுத்து, தொட்டால் கறுப்பாகப் பிசுபிசுக்கிறது. நாளை அக்கரப்பத்தனையில் அக்கா மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் காரில், அதுவும் முன் சீட்டில்தான் கோயிலுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். பட்டுச் சேலையில் அந்தப் பிசின் பட்டால் என் மானம் போய்விடும்.

"ரெக்சின் ஒட்டிறலாங்க. பதினெட்டாயிரம் ஆகும்," என்றார் குஷன் கடைக்காரர் செல்வராஜ். கத்தியோடு வந்தவர், டேஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கண்டு நின்றுவிட்டார்.

"ஒம்பதாயிருச்சு. ராகு காலங்க. சாமியை இப்பப் பேர்க்க மாட்டேன்."

"விடுங்க, நானே பேர்க்கிறேன்!"

"காரு உங்களுதுங்க. கடை என்னுது."

ஒன்றரை மணி நேரம்! இரண்டு பிளேன்டீ குடித்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

10.35. கற்பூரம் காட்டிவிட்டுப் பெயர்த்தார். அடியில் உள்ளங்கை அளவு இடம், வாங்கிய அன்று இருந்தது போலவே கன்னங்கரேலென்று இருந்தது. ஏழு வருடம் கும்பிட்டதற்கு, ஐயா தன் இடத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்!

11.00. மழை கொட்டுகிறது. பசை காய வெயில் வேண்டுமாம்! வெயிலில் கெட்ட காரை வெயிலே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்த என் புத்தியை என்ன சொல்ல? பக்கத்து சலூனில் முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி ஊதிக்கொண்டே இருந்தார். மாலை 5.00 மணிக்குத்தான் விட்டார்.

"கண்ணாடிப் பக்கத்து மூலை மட்டும் இன்னும் ஈரங்க. காயிற வரைக்கும் பாரம் வச்சிருங்க."

"பிள்ளையார்?"

"நல்ல நாள் பாத்துத்தாங்க வைக்கணும்."

காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். தலவாக்கலை வழியாக, முணுமுணுத்துக்கொண்டே அக்கா வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு காலை 7.15. அக்காவின் தோட்டத்து லயத்து வீட்டு முன்னால் கோகிலா பட்டுச் சேலையோடு காரில் ஏறினாள்.

"மாமா, மூலை கெளம்புது!"

"ஐயோ, கை வைக்காத புள்ள! பசை!"

அவள் கேட்டால்தானே? சீட்டில் கிடந்த காகிதத்தைப் பிரித்துப் பிள்ளையாரை எடுத்து, கிளம்பிய மூலைமேல் அழுத்தி வைத்தாள்.

"நல்ல நாள் பாத்து வைக்கணும்னு சொன்னாரும்மா."

"இன்னைக்கு எனக்குக் கல்யாணம் மாமா. இதைவிட நல்ல நாளு வேணுமா?"

வண்டியை எடுத்தேன். சேலையில் ஒரு பொட்டுப் பிசின் படவில்லை.

மன்னார் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. இங்கே வெயிலுக்கா பஞ்சம்? ரெக்சினின் மற்ற மூன்று மூலைகளும் கிளம்பிவிட்டன. அவர் உட்கார்ந்திருக்கும் மூலை மட்டும் அசையவே இல்லை.