மிச்சப் பக்கம் எங்கே?

சின்னதாக எழுதினால் தொல்லையும் சின்னதாக வரும் என்று நம்பித்தான் புத்தகம் போட்டேன். நீங்களும் போட்டவராக இருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். கண்டியில் தெருவுக்கொரு கோப்பிக் கடை முளைத்த வருஷங்களில், கம்பஸ் படிப்பு முடித்த கையோடு அப்படியொரு கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அதைப் பக்கத்துக்கு ஐந்தாறு வரியாக எழுதினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

வெள்ளைத் தாள்

முதல் பிரதி பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு. எதை வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர். மறுநாள் நேரே அச்சகத்துக்குப் போய், ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக்கு மேல் எழுத்து விழவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று நின்றிருக்கிறார். அச்சகத்திலிருந்து எனக்கு அழைப்பு. அது அப்படித்தான் மாமா, நான் எழுதியதே அவ்வளவுதான் என்று போனில் விளக்கினேன். மாமா கேட்டார்: "அப்ப இடம் இருந்தும் நீ எழுதலயா?"

பதினேழாம் பக்கம்

கடையில் என்னோடு வேலை செய்தவர் மடவளைக்காரர். அக்கா முறையில் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் இங்கேயும் வேண்டாம். ஒருநாள் காலையில் ஸ்டோர் அறையில், பால் பெட்டிகளுக்கு நடுவே இருந்து அழுதார். முகம் கழுவிக்கொண்டு வந்து கோப்பி போட்டார். புத்தகத்தில் இது ஐந்து வரி. ஏன் அழுதார் என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வாசித்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் காரணம்தான் வேண்டும். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிக் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்து ரீச்சர், பக்கத்தின் வெற்றிடத்தில் பென்சிலால் மூன்று காரணங்களை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்: "எது சரியெண்டு ஒரு கோடு மட்டும் போடும், பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

ஒரே ஒரு வாசகர்

நான் பயந்தது ராத்தாவுக்கு மட்டும்தான். பிரதி அனுப்பி மூன்று கிழமையாகப் பதில் இல்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கடையில் வேலை செய்த பெண்களே நாங்கள் இரண்டு பேர்தான். அழுதது நான் இல்லையென்றால் வேறு யார்? பெயரை மறைத்ததாக இத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மடவளைக்குப் போனேன். கதிரையைக் காட்டினார், பிளேன்டீ தந்தார், அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பதினேழாம் பக்கத்தை விரித்தார். மன்னிப்புக் கேட்க வந்தவளை முந்திக்கொண்டு அவரே சொன்னார்: "காரணத்தச் சொல்லல்ல, அது போதும் புள்ள. ஆனா அன்டைக்கிப் பின்னேரமே ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சோமே, அதுக்கு எடமில்லயா?"

முழுப் புத்தகத்துக்கும் வந்த ஒரே உருப்படியான குறை இதுதான் என்பதால் அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் ஏழு வரியாகும். மாமாவுக்கு அதுவும் போதாது.