மாமாவின் இடது கால்

என் மாமா பந்து உதைத்துச் சம்பளம் வாங்கினார். இது அப்பா, அம்மா, நான் மூவருக்கு மட்டுமே தெரியும். மரக்காணத்தில் மற்ற எல்லாருக்கும் அவர் மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் கிளார்க். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த அப்பா, தன் மச்சான் அரை நிக்கர் போட்டுக்கொண்டு பந்தின் பின்னால் ஓடிப் பிழைக்கிறான் என்று கூலியாட்களிடம் எப்படிச் சொல்வார்? ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பட்டாளத்து டீமுக்கு மாமாவை எடுத்துக்கொண்டபோதும், அப்பாவின் வாயில் அவர் கிளார்க்காகவே பட்டாளத்தில் சேர்ந்தார். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

எழுபத்தொன்றில் பங்களாதேஷ் சண்டை வந்தது. பந்தாட்டக்காரர்களையும் துப்பாக்கியோடு அனுப்பினார்கள். மாமா திரும்பவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்களாம். எங்களுக்குத் தந்திதான் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், அவரோடு ஒரே டீமில் ஆடிய சிப்பாய் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். கேள்விப்பட்டு, உப்பளத்து ஆட்கள் காலைக்கூடக் கழுவாமல் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நல்லா பழகுவாருங்களா?" என்று ஒரு பெரியவர் துக்கமாகக் கேட்டார்.

"ஆபீஸா?" சிப்பாய் சிரித்துவிட்டார். "அவரு பேனா புடிச்சே நான் பாத்ததில்லீங்க. பந்துதான். அதுக்குத்தான் மெட்ராஸ்லயும் சம்பளம், பட்டாளத்துலயும் சம்பளம்."

வாசலே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. "பந்து ஒதைக்கக் கூலியா!" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் நின்ற பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மாமா பந்தை எப்படி வளைத்து வளைத்துக் கொண்டுபோவார் என்று மணலில் ஆடிக்காட்டத் தொடங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஏம்பா, எழவு விழுந்த வூட்ல என்னா ஆட்டம் இது? உக்காருப்பா" என்றார் அப்பா.

சிப்பாய் கூசிப்போய் நின்றார். அதுவரை கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில் வந்தாள்.

"எந்தக் கால்ல ஒதைப்பான், தம்பி?"

"எடது கால்க்கா."

"இன்னொரு வாட்டி காட்டு."

அவர் காட்டினார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தாள். மறுபடியும் காட்டச் சொன்னாள்.

"உள்ள வாம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அப்பாவின் பொய் அவிழ்ந்ததைவிட, அம்மா அப்படி நின்றதுதான் எனக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. அவள் அசையவில்லை.

தன் தம்பி விளையாடி அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.