நானே அவிழ்த்த முடிச்சு

வெள்ளைக்காரன் காலத்தில் பூவிருந்தவல்லியில் மாலை கட்டி விற்றேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. யாராவது மாலைக்குச் சொன்னால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவேன். ஒன்றுகூடத் தவறியதில்லை என்று எனக்கு ஏகப் பெருமை. ஒருநாள் சேலையைத் துவைக்கும் அவசரத்தில், ஒரு முடிச்சை நானே அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் காலை பாரிவாக்கத்துக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

"கல்யாண மாலைய குடும்மா. பொண்ணு மணையில குந்திகினு கீது."

கூடையில் வெறும் நார்தான் கிடந்தது. சந்தையிலும் பூ தீர்ந்திருந்தது.

"மறந்துட்டேன் நைனா."

"உன் முடிச்சு தப்பாதுன்னாங்களே! வேற எங்கியும் சொல்லலியேம்மா!"

வெறுங்கையோடு அவர் ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறென்ன செய்ய முடியும்?

அதன்பிறகு யார் வந்தாலும், "நான் மறந்துடுவேன், மொத நாளு வந்து இன்னொரு தபா சொல்லிட்டுப் போங்க" என்பேன். ஒவ்வொரு முறையும் வாய் கூசும். ஆனாலும், சொல்லாமல் விட்டதில்லை.